ராஜபாளையத்தில் சூப்பர்லேட்டிவ் நடத்திய கதை

வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. எண்பதுகளில் அங்கே ஐந்தாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் டீச்சர். ஓராண்டு பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. வீட்டுக்கு வருவது என் சம்பளம் மட்டும். அதனால் பயந்துகொண்டே போனேன்.

நான் செய்த குற்றம் இது. சூப்பர்லேட்டிவ் நடத்த மூன்று பையன்களை வரிசையாக நிறுத்தி, டால், டாலர், டாலஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தேன். நடுவில் நின்றது தாளாளரின் பேரன். உயரத்தில் முதலாக நின்ற முருகனோ, தாளாளருடைய மில்லிலேயே வேலை பார்க்கும் ஃபிட்டரின் மகன். பேரன் மனசு உடைந்துவிட்டதாம்.

"பையங்கள நிக்க வச்சு அளக்காதிய டீச்சர்," என்றார் தாளாளர். "வேற எதையாவது வச்சு நடத்துங்க."

வேறு எதை வைத்து நடத்துவது? அந்த ஊரில் நாய் இல்லாத பெரிய வீடு கிடையாது. யார் வீட்டு நாய் 'தி ஃபாஸ்டஸ்ட்' என்று கேட்டேன். மறுநாள் இரண்டு அப்பாக்கள் வந்து நின்றார்கள். மாம்பழத்துக்கு மாறி 'தி ஸ்வீட்டஸ்ட்' என்றேன். தோப்பு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவரவர் பழத்தைக் கூடையில் கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பாடத்தை மட்டும் நான் அவசரப்படாமல் நடத்தினேன். "அவிய தோப்புப் பழமா, எங்க பழமா?" என்று கேட்டு ஆள் வரத் தொடங்கிய பிறகே நிறுத்தினேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லா வாக்கியத்திலும் 'ஒன் ஆஃப் தி' சேர்க்கச் சொன்னேன். உயரமான பையன்களில் இவனும் ஒருவன், இனிப்பான பழங்களில் இதுவும் ஒன்று. ஏன் டீச்சர் என்று கேட்டார்கள். யார் மனசும் நோகக் கூடாது என்றேன். புகார் வருவது அடியோடு நின்றது.

ஆண்டுக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே தாளாளர். உலகத்திலேயே உயரமான மலை எது, இங்கிலீஷில் வாக்கியமாகச் சொல் என்றார் இன்ஸ்பெக்டர். பேரன் எழுந்தான்.

"எவரெஸ்ட் இஸ் ஒன் ஆஃப் தி ஹையஸ்ட் மவுண்டன்ஸ், சார்."

ஏன் 'ஒன் ஆஃப்' என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஒண்ண மட்டும் சொன்னா மத்த மலைக்கு மனசு நோகும் சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தாளாளரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வேலை போனது என்றே நினைத்தேன். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. போவதுதான் போகிறோம், ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துவிட்டே போவோம் என்று சாக்பீஸை எடுத்து, போர்டில் 'தி ஹையஸ்ட்' என்று எழுதினேன். எவரெஸ்ட்தான் முதல், அதற்குப் போட்டி கிடையாது என்றேன். பிறகு முருகனை எழுப்பி நிறுத்தி, பேரனிடம் அவனைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

"முருகன் இஸ் தி டாலஸ்ட் பாய் இன் தி கிளாஸ்," என்றான் பேரன். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு தாளாளர் கூப்பிட்டு, நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார்.

"அவனுக்கு ஒண்ணுமே இல்ல டீச்சர்," என்றார். "அன்னைக்கு மனசு உடஞ்சது எனக்குத்தான்."

இளம் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளைத் தாராளமாக வரிசையில் நிறுத்துங்கள். 'ஒன் ஆஃப் தி'யைப் பெற்றோர் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.