எஞ்சினை அணைக்கிற மேடு

என் இடது காலுக்கு கிளட்ச் மிதிக்கிற தெம்பு கிடையாது. சின்ன வயதில் இடுப்பு எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்துகொண்டது. அதனால்தான் ஆட்டோமேட்டிக். அதிலும் அடக்கமாக ஒன்றை வாங்கியிருக்கலாம். நான் வாங்கியது பெங்களூரில் யாரோ ஓட்டித் தீர்த்த, மிதித்தால் முதுகை சீட்டோடு அறைகிற கார். விருதுநகர் நான்குவழிச் சாலையில் அதை விரட்டும்போது மட்டும்தான் நான் யாருக்கும் பின்னால் வருகிறவள் இல்லை.

கியர்பாக்ஸ் ஒரு முறை கெட்டு, மதுரைக்குப் போய்ச் சரியாகி வந்தது. கியர் எண்ணெய் சூடேறாமல் இருக்கப் பெரிய ஆயில் கூலரும் வைத்தோம். அப்படியும் கியர் மறுபடி வழுக்க ஆரம்பித்தது.

"இந்தத் தடவையும் கியரு நிக்கலேன்னா வித்துருவோம். வேற வண்டி வாங்கி டிரைவர் போட்டுக்கலாம்" என்றார் என் கணவர். எம். புதுப்பட்டிப் பக்கம் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் கம்பெனியைப் பார்த்துவிட்டு வருவார். பிறகுதான் என் கைக்கு வரும். டிரைவர் என்றால் எனக்கு ஆயுசுக்கும் பின்சீட். அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

என்ன போடலாம் என்பதில் ஆளாளுக்கு நாட்டாமை. "மதினி, டார்க் கன்வர்ட்டரத்தான் மாத்தணும். அம்புட்டு இழுவைக்குப் பழசு தாங்காது" என்றான் கொழுந்தன். அவன் ஓட்டுவது மொபெட். கணவருக்கு கம்ப்யூட்டரில் மேப்பிங் மாற்றிவிட ஆசை. "கியரு சும்மா சரவெடி கணக்கா விழும்" என்றார். நான் கேட்டது கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிற கிளட்ச் பிளேட்டுகளை உறுதியானதாக மாற்றுவது மட்டும். கியர் நிற்கவே யோசிக்கிற வண்டிக்குச் சரவெடி எதற்கு? ஆனால் ஓட்டுகிறவள் சொல் அம்பலம் ஏற வேண்டுமே! இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துதான் பிளேட்டுகளுக்குச் சம்மதம் வாங்கினேன்.

மதுரைப் பட்டறைக்காரர் கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டு போன் செய்தார். "அக்கா, வண்டிய யாரும் கயிறு கட்டி இழுத்தாங்களா? எண்ணெய் ஏறாமத் தேஞ்சிருக்கு. எஞ்சின் ஓடாம சக்கரம் மட்டும் உருண்டா உள்ள எண்ணெய் சுத்தாது. நீங்க என்னதான் புதுசா போட்டாலும் நிக்காது."

யாரும் இழுக்கவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

கார் திரும்பி வந்த மறுநாள் காலை நானும் கம்பெனிக்குக் கூடப் போனேன். தார்ச்சாலை முடிந்து மண்பாதை இறங்கும் மேட்டில், கணவர் நியூட்ரலில் தள்ளினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கார் சத்தமில்லாமல் உருண்டது.

"தினமும் இப்படித்தானா?"

"பெறகு? வெடிக் கம்பெனிக்கு எஞ்சின் ஓட ஓடவா போவாக? அப்பா காலத்துலேருந்து இப்படித்தான்."

பட்டறைக்காரர் சொன்னது இதைத்தான். கூலர், பிளேட்டு, மதுரைக்கு நடையாய் நடந்தது எல்லாம் இந்த ஒரு இறக்கத்துக்கு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டு, காரை விற்கவும் நாள் பார்த்திருக்கிறார். கம்பெனி கேட்டுக்கு வெளியே கார் நிற்கும்வரை கத்தினேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "தெரிஞ்சு செய்யல. அந்த மேடு வந்தா கை தானா சாவிக்குப் போகுது. அண்ணன் போனதுலேருந்து."

அவருடைய அண்ணன் கம்பெனித் தீயில் போனவர். ஒரு லோடு வண்டியின் புகைக்குழாயிலிருந்து தெறித்த பொறி என்று வீட்டில் பேச்சு. என் கோபம் தணியவில்லை. ஆனாலும் எஞ்சினோடு போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப மேட்டுலயே நிறுத்திட்டு நடந்து வாங்க."

"இந்த வெயில்லயா?"

"ஒங்க கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

அவர் சாவியை உருவி என் மடியில் வைத்தார்.

இப்போது காலையில் காரை ஓட்டிப்போய் அவரை மேட்டில் இறக்கிவிடுவது நான்தான். கியர் வழுக்குவதில்லை. நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கிறேன். ஏசியும் நின்று வியர்வை ஊற்றும், எரிச்சல் மண்டைக்கு ஏறும். அந்த மனிதர் மெதுவாகத்தான் நடப்பார். அவர் கேட்டுக்குள் போய் மறைகிறவரை நான் சாவியைத் தொடுவதில்லை.