நல்லக்கண்ணு தேடிய நாய்

தென்காசியில் 'காம்ப்ரமைஸ் ஏட்டு' என்று கேட்டால் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நல்லக்கண்ணுவின் வீட்டைக் காட்டிவிடுவார்கள். சிறப்பு உதவி ஆய்வாளராகப் பதவி உயர்ந்து ஓய்வும் பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. ஊருக்கு அவர் இன்னும் ஏட்டுதான். வேலையில் இருந்த காலத்தில் வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி சண்டை, தண்ணீர் மறித்த சண்டை என்று எது வந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம். இரண்டு கட்சியையும் ஸ்டேஷன் பின்னறையில் உட்கார வைத்து, நடுவில் ஒரு தட்டு வடையையும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவார். "பேசி முடிச்சுட்டு கதவத் தட்டுங்கலே" என்பார். அரை மணி நேரத்தில் தட்டுவார்கள். சமாதானமாகித் தட்டினார்களா, புழுக்கம் தாங்காமல் தட்டினார்களா என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. தட்டில் வடை தீர்ந்திருந்தால் வழக்கும் தீர்ந்தது என்பது அவர் கணக்கு.

இந்த வைத்தியத்தை நாய்களுக்கும் செய்து பார்த்ததில்தான் வினை வந்தது.

வீட்டில் ஏழு வருடமாக ராசு இருந்தது. கன்னி இனத்து நாட்டு நாய். கறுப்பு உடம்பு, செம்பட்டைக் கால், எலும்பை எண்ணிவிடலாம் போல ஒல்லி. வாங்கி வந்தவர் நல்லக்கண்ணு, வளர்த்தவள் அவர் மனைவி மாரித்தாய். அவர் தேர் பந்தோபஸ்து, தேர்தல் பந்தோபஸ்து என்று வாரக்கணக்கில் போய்விடும்போது அவளுக்குத் துணை அதுதான். அவள் சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் இரண்டடி தள்ளி உட்காரும். கை நீட்டாமல், வாய் திறக்காமல், அவள் சாப்பிட்டு முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆனி மாதம் சாரல் பிடித்த வாரத்தில் மகள் வேல்விழி சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினாள். கம்பெனி அவளை எட்டு மாதத்துக்கு ஜெர்மனி அனுப்புகிறது. மடியில் ஒரு ஷிட்சு நாய். பெயர் மில்கி. வெள்ளை மயிர் கண்ணை மறைத்துத் தொங்கியது. கூடவே அதற்கென்று மெத்தை, சீப்பு, மழைக்கோட்டு, ஒரு மூட்டைத் தீனி.

"ரேசன் கார்டு ஒண்ணுதான் பாக்கி" என்றாள் மாரித்தாய்.

வேல்விழி போகும்போது அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். இரண்டும் வேறு வேறு ஜாதி நாய். எடுத்த எடுப்பில் வீட்டுக்குள் சேர்த்து விடக் கூடாது. முதலில் இரண்டுக்கும் பாத்தியதை இல்லாத வெளியிடத்தில், சங்கிலியோடு, பக்கத்துப் பக்கத்தில் நடக்க விட வேண்டும். அப்புறம் சில நாள் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சாப்பாட்டுத் தட்டு கண்டிப்பாகத் தனித்தனி. மறந்துவிடுவார் என்று வாட்ஸப்பிலும் எழுதிப் போட்டாள்.

"முப்பத்தாறு வருசம் மனுசனையே பழக்குனவன் நான். நாய் என்ன பெரிய நாய்" என்றார் நல்லக்கண்ணு.

அவள் கிளம்பிய மூன்றாம் நாள் காலை, மாரித்தாய் கோயிலுக்குப் போயிருந்தாள். நல்லக்கண்ணு இரண்டு நாய்களையும் நெல் மூட்டை அடுக்கும் உள்ளறையில் விட்டார். நடுவில் ஒரே தட்டில் கறிச்சோறு வைத்தார். கதவைச் சாத்தினார். வெளியே வந்து பேப்பரை விரித்து உட்கார்ந்தார். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. உள்ளே குழந்தை வீறிட்டது போல ஒரு சத்தம். கதவைத் திறந்தபோது மில்கியின் வலது காது கிழிந்து தொங்கியது, வெள்ளை மயிரெல்லாம் ரத்தம். ராசு மூலையில் வாலை இடுக்கிக்கொண்டு நின்றது. தட்டில் சோறு அப்படியே இருந்தது.

கால்நடை மருத்துவமனையில் ஆறு தையல் போட்டார்கள். "சோத்த வச்சு ஒண்ணா விட்டியளா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார். அவனா பாஞ்சிட்டான்."

முதல் பொய் அதுதான். சட்டென்று வந்துவிட்டது. எத்தனையோ பேர் தன் மேஜைக்கு முன்னால் நின்று இதே வேகத்தில் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர் அவர். வீடியோ காலில் மகள் அழுதபோது அந்தப் பொய்க்குக் கையும் காலும் முளைத்தது. ராசுவுக்கு வயசாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது, நடந்து போய்க்கொண்டிருந்த மில்கியைத் துரத்திக் கடித்தது.

மாரித்தாய் மட்டும் நம்பவில்லை. "ராசு காரணமில்லாம கடிக்க மாட்டான். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று காலையிலும் கேட்டாள், சாயங்காலமும் கேட்டாள்.

"அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?" என்று சீறினார். சீறியதால் கேள்வி நின்றதே தவிர சந்தேகம் நிற்கவில்லை. இதற்கு நடுவில் ராசு வேறு. அவர் எழுந்தால் எழுந்தது, நடந்தால் பின்னால் வந்தது, நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. அந்த அறையில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். பேச வாயில்லாததுதான், ஆனாலும் அதன் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. சாட்சியைக் கலைக்கிறவன் எப்படி யோசிப்பான் என்பது அவருக்குத் தெரியாததா?

வெள்ளிக்கிழமை விடியற்காலை, மாரித்தாய் எழுவதற்கு முன்னால், ராசுவைத் தன் வெள்ளை ஆம்னியில் ஏற்றிப் பழைய குற்றாலத்து அருவிப் பக்கம் இறக்கிவிட்டு வந்தார். சீசன் நேரம். பரோட்டா, சிக்கன், எலுமிச்சம் சாதம் என்று கூட்டம் தின்று போட்டதைத் தின்றே அங்கே நாய்கள் கொழுத்துக் கிடக்கும். பட்டினி கிடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீசன் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், அதன் பிறகு அங்கே ஈ காக்கை இருக்காது என்பது தென்காசியில் பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். அன்று காலை அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. திரும்பி வந்து, வாசல் கேட்டைப் பாதி திறந்து வைத்தார். பால் வாங்கப் போனார்.

"கேட்டு தெறந்து கிடக்கு. ராசுவக் காணோம்" என்று மாரித்தாய் எதிரே ஓடி வந்தாள்.

அவரும் தேடினார். அதுதான் கேவலம். மனைவியோடு தெருத்தெருவாக நடந்தார். வாய்க்கால் கரையில் நின்று, "ராசு, ஏ ராசு" என்று குரல் கொடுத்தார். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற நாயை, அது கேட்காது என்று தெரிந்துகொண்டே, ஊரறியக் கூப்பிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனாவது வாயை மூடிக்கொண்டு மறைப்பான். மாரித்தாய் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், இரண்டடி தள்ளிப் பார்த்தாள், எழுந்துவிட்டாள்.

மறுநாள் அவளே ஸ்டேஷனுக்குப் போய் ராசுவின் போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏட்டையா வீட்டு நாய் என்றதும் ஊரே இறங்கிவிட்டது. ஸ்டேஷன் குரூப்பில் போட்டோ ஓடியது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒட்டினார்கள். அவர் எந்தக் காலத்திலோ சமாதானம் செய்து வைத்த ஆலங்குளத்துப் பங்காளிகள் இரண்டு பேர் ஒரே பைக்கில் வந்து, இரண்டு நாள் தாங்களும் தேடுவதாகச் சொன்னார்கள். இவ்வளவு பிரியம் ஊருக்குத் தன்மேல் இருக்கிறது என்பது நல்லக்கண்ணுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரியாமலே செத்திருக்கலாம் என்று தோன்றியது.

நான்காம் நாள் விஜய்பாண்டி வந்தார். நல்லக்கண்ணுவிடம் பத்து வருடம் வேலை பார்த்தவர், இப்போது அதே ஸ்டேஷனில் ஏட்டு. தெருக் கேமராக்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு.

"கேமராவுல ஏதும் தெரிஞ்சுதா தம்பி?" என்று மாரித்தாய் கேட்டாள்.

"இந்தப் பக்கத்துக் கேமரா ஓடலம்மா. சாரல்ல வயரு நனைஞ்சு பழுதாயிட்டு" என்றார் விஜய்பாண்டி. சொல்லும்போது அவர் நல்லக்கண்ணுவைப் பார்க்கவில்லை. போகும்போது பைக்கை எடுத்துக்கொண்டே, வழியனுப்ப வந்த நல்லக்கண்ணுவிடம் மெதுவாகச் சொன்னார். "ஐயா, பழைய குத்தாலத்துல நாலு நாளா விடாத மழையாம். வாயில்லாச் சீவன், நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கும்."

பைக் தெருமுனை திரும்பிய பிறகும் நல்லக்கண்ணு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். குற்றவாளிகள் ஏன் தரையைப் பார்க்கிறார்கள் என்று அவர் பலமுறை அதட்டிக் கேட்டிருக்கிறார். பார்க்க வேறு இடம் கிடையாது என்பது இப்போது புரிந்தது. தன்னிடம் சல்யூட் அடித்து வளர்ந்தவன், தனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறான். பிடித்திருந்தால்கூடத் தேவலை. இரக்கப்பட்டுவிட்டான்.

உடனே வண்டியை எடுத்தார். பழைய குற்றாலத்தில் கார் நிறுத்துகிற இடத்துக்குள் ஆம்னி நுழைந்ததுமே எங்கிருந்தோ ராசு ஓடி வந்தது. உடம்பெல்லாம் சேறு, ஒரு கால் நொண்டியது. இறங்கியவர் மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து முகத்தை நக்கியது. கடித்திருக்கலாம். குரைத்தாவது இருக்கலாம்.

எண்ணெய் மாலிஷ் போடுகிற பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். "உங்க நாயா அண்ணாச்சி?"

"இல்ல. தெரிஞ்சவங்க நாயி" என்றார் நல்லக்கண்ணு. ராசு அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு. எவனோ வெளியூர்க்காரன் விட்டுட்டுப் போயிட்டான் போல. நம்ம ஊருக்காரன் இந்த வேலையச் செய்வானா? சோறு போட்டா அந்தால வந்து தின்னுட்டு, திரும்ப இங்கனயே வந்து நின்னுருதான். வெள்ள ஆம்னி எது வந்தாலும் ஓடிப்போய்க் கதவு பக்கத்துல நின்னு பாக்கான். நாலு நாளும் இதே சோலிதான்."

நல்லக்கண்ணு அவர் கையில் ஏதோ நோட்டைத் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அப்படியும் புத்தி போகவில்லை. மேலகரம் தாண்டுவதற்குள் அடுத்த கதையைக் கட்டிவிட்டார். மேலகரத்தில் ஒருத்தன் பிடித்துக் கட்டி வைத்திருந்தான், விசாரித்து மீட்டு வந்தேன்.

மாரித்தாய் ராசுவைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். மில்கி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று குரைத்தது. ராசு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளுக்கு வீடியோ கால் போட்டு, "அப்பாதான் கண்டுபுடிச்சாவ. என்ன இருந்தாலும் போலீசு மூள பாரு" என்று மாரித்தாய் பெருமையாகச் சொன்னாள். பக்கத்து வீட்டார் வந்து கை கொடுத்தார்கள். நல்லக்கண்ணு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் செய்தி கேட்டு விஜய்பாண்டி வந்தார். ராசுவின் தலையைத் தடவினார். காப்பி கொண்டு வந்த மாரித்தாய் டம்ளரை டங்கென்று வைத்தாள்.

"நாலு நாளா கேமரா ஓடல, வயரு நனைஞ்சிட்டுன்னு கத சொன்னிய. இவுக ஒத்த ஆளா போயிக் கூட்டிட்டு வந்துட்டாவ. இதே உங்க இன்ஸ்பெக்டர் வீட்டு நாய்னா இப்படி விட்டிருப்பியளா? இவுக ரிட்டயர் ஆயிட்டாவங்கிற எளக்காரம். பத்து வருசம் இந்த வீட்டுல சோறு தின்னதுக்கு நல்ல நன்றி தம்பி."

விஜய்பாண்டி எழுந்து நின்றார். "தப்புதாம்மா. நான் இன்னும் கொஞ்சம் கவனிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். கண் தரையில் இருந்தது.

நல்லக்கண்ணு அவரைப் பார்த்தார். ஒரு குற்றமும் செய்யாதவன், தான் நிற்க வேண்டிய இடத்தில், தான் பார்க்க வேண்டிய தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கதவுப் பக்கத்தில் நொண்டிக் காலை நக்கிக்கொண்டு இன்னொன்று. தன் ஒரு பொய்க்கு இரண்டு ஜீவன் தண்டனை அனுபவித்தாகிவிட்டது. இன்னும் எத்தனை பேரை நிறுத்துவது?

"அவனத் திட்டாத மாரி" என்றார். "கேமரா ஓடுச்சு. அதுல நான்தான் இருந்தேன். நான்தான் ராசுவப் பழைய குத்தாலத்துல கொண்டு விட்டேன்."

மாரித்தாய் புரியாமல் பார்த்தாள்.

"அந்தக் காதுக்கும் நான்தான் காரணம். ரெண்டையும் உள்ளறையில போட்டு, ஒரே தட்டுல சோத்த வச்சுக் கதவச் சாத்துனேன். அவன் மேல ஒரு குத்தமும் கெடையாது. நீ கேட்டுக்கிட்டே இருந்த. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

விஜய்பாண்டி காப்பியைத் தொடாமல், "நான் வாரேன்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பைக் சத்தம் தேய்ந்து போகிறவரை மாரித்தாய் அசையவில்லை. கத்துவாள் என்று நல்லக்கண்ணு எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் ராசுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்ன சொல்லி இவன வண்டியில ஏத்துனிய?"

நல்லக்கண்ணு தரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல" என்றார். "கதவத் தெறந்தேன். ஏறிட்டான்."