கிணற்றின் அடியில் நான் பார்த்தது

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அதிலும் பாதி மலையாளத்தில் படித்தது. பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

கரமனையில் இருந்த எங்கள் வீட்டை அவசரமாக விற்க வேண்டி வந்தது. என் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. மழைக்காலத்துக்கு முன் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாலை பஜாரில் வற்றல்மிளகாய் எடை போடுகிறவனிடம் வீட்டைத் தவிர வேறென்ன இருக்கும்?

தரகர் வந்து பார்த்தார். சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்குப் பெயிண்ட் என்று சொல்லிக்கொண்டே போனவர், கிணற்றை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

“அண்ணாச்சி, இந்த ஊர்ல வீடு வாங்க வாறவன் மொதல்ல கெணத்தத்தான் பாப்பான். இதுல பாசி மெதக்குது. ஞாயித்துக்கெழம ஒரு டீச்சர் வாறாங்க. அதுக்குள்ள எறச்சிருங்க.”

சனிக்கிழமை காலையில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். கிணற்று வேலைக்காரர் வாளியில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி இறக்கினார். அது அணையவில்லை என்று பார்த்த பிறகே உள்ளே இறங்கினார். பத்துப் பதினைந்து வாளி சேறு வந்தது. அதோடு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவிட்டாள் என்று என் மனைவி அவளோடு வருஷக்கணக்கில் பேசாமலிருந்த பித்தளைச் செம்பும் வந்தது.

அவர் மேலே வந்து பீடி பற்ற வைத்தபோது வாசலில் கார் நின்றது. தரகரும் டீச்சரும் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மீதிச் சேற்றை அள்ளுகிறேன் என்று கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டேன்.

“வீடு வாங்க ஆளு வந்தா கெணத்துல போயி ஒளியுத மனுசன இப்பத்தான் பாக்கேன்!” என்று மனைவி மேலிருந்து சிரித்தாள். சிரித்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

பிறகு தரகரின் குரல் கேட்டது. “கெணத்த காலியாக்கிப் போட்டா வீடு காட்டுதீய?”

இந்த வீடு போகவில்லை என்றால் ஆபரேஷன் இல்லை. சேற்றில் அப்படியே குந்திவிட்டேன்.

அப்போதுதான் காலடியில் ஏதோ அசைந்தது. கையால் சேற்றை விலக்கினேன். செம்பாறையில் விரல் தடிமனுக்கு ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் வந்தது. துளையின் வாயருகே வெள்ளை மணல் குதித்தது. அந்தப் பக்கம் இன்னொன்று. சுவரோரம் மூன்றாவது. உள்ளங்கையை வைத்தேன். கன்றுக்குட்டி முட்டுவது போல முட்டியது. முப்பது வருஷம் இதைக் குடித்திருக்கிறோம், இதில் சோறு பொங்கியிருக்கிறோம். ஒரு நாளும் நிற்காமல் இது இப்படி வந்துகொண்டே இருந்திருக்கிறது. எதற்கு இறங்கினேன் என்பதே மறந்துபோனது.

மேலே வட்ட வானத்தில் ஒரு தலை தெரிந்தது. “வெள்ளம் வருந்நுண்டோ சேட்டா?” என்று டீச்சர் கேட்டார். தண்ணீர் ஊறுகிறதா என்று மலையாளத்தில் கேட்கிறார்.

“மூணு எடத்துல வருது! மூணு!” என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஒரு வாளி தண்ணீர் அனுப்பச் சொன்னார். கிணற்று வேலைக்காரர் வாளியில் அந்தப் பித்தளைச் செம்பையும் வைத்து இறக்கினார். சேறு படாமல் ஊற்றுவாயில் செம்பு செம்பாகப் பிடித்து நிறைத்து அனுப்பினேன். நான் மேலே ஏறி வந்தபோது டீச்சர் அதைக் குடித்துப் பார்த்துவிட்டுக் கை நனைந்து நின்றார்.

“பெயிண்டொக்கெ நான் அடிச்சுக்கிறேன். வீடு எனக்குத்தான்” என்றார்.

தரகர் என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடியில என்னத்த பாத்தீய, அப்படிக் கத்துனீய?” என்று அன்று மனைவி கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மழை பிடிப்பதற்குள் ஆபரேஷன் முடிந்தது. வார்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலுக்கடியில் நாடி முட்டியது. இந்த முட்டலை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதையும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது வாடகை வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறாள். அடியில் என்ன பார்த்தேன் என்று அவள் அன்று கேட்டதற்கு, இந்த எழுத்துதான் என் பதில்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.