ஒரே வரியில் ஒரு கப்பல்

தண்டையார்பேட்டை கிடங்கு அலுவலகத்தில் என் கணினி மறுபடியும் அசையாமல் நின்றது. ஒரு கப்பலின் கண்டெய்னர் பட்டியல் முழுவதும் இருந்த எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்திருந்தேன். அதில் ஒரு எண்ணைத் திருத்தி மதியத்துக்குள் அனுப்ப வேண்டும்.

“வேற ஆளாண்ட குடுத்துடும்மா, உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு?” என்றார் மேலாளர்.

“என் வேலைய நான்தான் சார் முடிப்பேன்.”

கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருந்தது. கோப்பைத் திறக்கும் எடிட்டர் மென்பொருள் அந்த நீள வரியைத் திரைக்குள் மடக்கி, அதன் சொற்களுக்கு வண்ணம் தீட்டப் பார்த்துத் திணறியது. மடக்குவது, வண்ணம் தீட்டுவது இரண்டையும் நிறுத்தினேன். துறைமுகத்தில் பெட்டி இறக்கும் என் அப்பா கப்பலை மொத்தமாகவா தூக்குகிறார்? சின்ன நிரல் எழுதி, கண்டெய்னருக்கு ஒரு வரியாகப் பிரித்தேன். கோப்பு சட்டென்று திறந்தது. எண்ணைத் திருத்தி அனுப்பினேன்.

“யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்றார் மேலாளர்.

“எங்க வூட்ல முதல்ல படிச்சவளே நான்தான் சார். யாராண்ட போயி கேக்கறது?”