குங்கிலியம் அடைத்த மோட்டார்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால், பையிலிருந்து மல்டிமீட்டரை உருவி, "அதுக்கு எத்தன வோல்ட் வரும், வச்சுக் காட்டு பாப்போம்" என்று வாயை அடைக்கிற ஆள் நான். அப்பா நாசரேத்தில் இயற்பியல் வாத்தியார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாளெல்லாம் காந்தமும் மின்சாரமும், நடுவில் ஆவிகளுக்கென்று இடமே ஒதுக்கவில்லை. அதனால் இதைப் படிக்கும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன். ஆனால் மணப்பாட்டில் ஒரு நாள் பட்டப்பகலில் நடந்தது நடந்ததுதான்.

ரோச் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், மணப்பாட்டுக்காரன். அவன் அப்பா கிளமென்ட் மாமா ஒரு காலத்தில் தூத்துக்குடிக்குப் போய்ச் சங்கு குளித்தவர். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த ஒரு நாளில் அவருடைய வலது கால் மரத்துப்போனது, அப்புறம் அதற்கு உயிர் வரவேயில்லை. அவருக்காகத்தான் நானும் ரோச்சும் கடைசி வருஷ விடுமுறையில் ஒரு பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் போட்டு எலக்ட்ரிக் சைக்கிளாக்கினோம். பெடல் மிதிக்க வேண்டாம், கைப்பிடியைத் திருகினால் போதும்.

அந்த விடுமுறையைப் போல ஒன்று எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. காலையில் நாசரேத்திலிருந்து பஸ் ஏறிப் போய்விடுவேன், அவன் வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது, சால்டரிங் புகையும் மீன் குழம்பு வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும், மாமா சாய்வு நாற்காலியில் இருந்தபடி எங்களைக் கேலி செய்துகொண்டே இருப்பார். சங்கு குளிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே அவன் மச்சான்தான் பிடித்திருக்க வேண்டும், கூடப்பிறந்தவளை விதவையாக்க அவனுக்கு மனசு வராது என்பதால். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மாமா என்னைக் காட்டிச் சொல்வார்: "மூச்சுக்கு முந்நூறு மச்சான் போடுதியள. இவன் கைல கயித்தக் குடுத்தா, எப்படிப் புடிக்கணும்னு போன்லல்லா பாப்பான்."

மோட்டாரை மாட்டி முடித்த அன்று ரோச் ஒரு காரியம் செய்தான். வள்ளத்துப் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி ஊற்றி அடைப்பார்கள், கலப்பத்து என்று பேர். அதே மாதிரி மோட்டாரின் மூடியைச் சுற்றியும், ஒயர் வெளியே வருகிற ஓட்டையிலும் திரி வைத்து அடைத்து, இறுகுவதற்குள் தன் அகலக் கட்டை விரலால் அழுத்திவிட்டான்.

"லூசு, இது ஏற்கெனவே வாட்டர்ப்ரூஃப் தான்" என்றேன்.

"கம்பெனிக்காரன் மணப்பாட்ல குடியிருக்கானா? அவனுக்கு இந்தக் கடல்காத்தப் பத்தி என்ன தெரியும் மச்சான்."

குங்கிலியப் புகை சிலுவைக் கோயில் சாம்பிராணி மாதிரி எங்கள் சட்டையெல்லாம் ஏறிக்கொண்டது. அன்று சாயந்தரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "சாமியாருக்குப் படிக்கியாப்பா?" என்று கேட்டார்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ரோச் கடலுக்குப் போனான். வள்ளம் வந்தது, அவன் வரவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

மாமா அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். காலைப் பூசைக்கு, மீன் ஏலம் பார்க்க, கடைக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த சைக்கிள்தான். போன வருஷம் அது படுத்துவிட்டது. கைப்பிடியைத் திருகினால் சக்கரம் நடுங்கும், டக் டக் என்று உதைக்கும், நகராது. மாமா வீட்டோடு முடங்கினார். கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகள் ஜாஸ்மின் அக்கா, இனிமேல் தனியாக விடமாட்டேன், கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று கிளம்பிவிட்டாள். மாமா எனக்குப் போன் செய்தார்.

"ஏலே சாமு, நாளைக்குச் சாயந்தரம் அவ வாரா. அவகிட்ட ஒரு பேச்சு பேசியிருக்கேன். வண்டி கோயில் ஏத்தத்துல ஏறுச்சுன்னா நான் இங்கன கெடப்பேன், ஏறலன்னா வாய மூடிட்டு அவ பொறத்தால போயிருவேன். கோயம்புத்தூர்ல கடல் எந்தப் பக்கம்ல இருக்கு?"

கேலி மாதிரித்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். என்னிடம் இருந்தது இரண்டு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். மோட்டாரைத் திறக்கப் புல்லர் என்று ஒரு கருவி வேண்டும், அது இல்லை. உள்ளே இருக்கிற காந்தங்கள் சாமானியமாக விடாது, விரல் மாட்டினால் எலும்போடு போகும். சக்கரத்தையும் ஸ்க்ரூக்களையும் கழற்றி, மாமாவின் கலப்பத்து உளியால் பழைய குங்கிலியத்தைக் கொத்தி எடுத்தேன், அது கண்ணாடிச் சில்லு மாதிரித் தெறித்தது. பிறகு அச்சைப் பலகையில் ஊன்றி நிறுத்தி, ரிம்மின் மேல் என் எடையையெல்லாம் போட்டு அழுத்த, ஒரு சத்தத்தோடு பிரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கை தண்ணீர் கொட்டியது.

அப்போதுதான் புரிந்தது. வள்ளத்துக்குத் தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால் போதும், மோட்டாருக்கு மூச்சுவிட வழி வேண்டும். சூட்டில் உள்ளே வேர்த்த தண்ணீர் வெளியே போக இடமில்லாமல் அங்கேயே கிடந்து துரு ஏற்றியிருந்தது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, அவன் இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்.

உள்ளே ஹால் சென்சார் என்று அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக மூன்று இருக்கும். சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று, மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலருக்குச் சொல்வது அவைதான். அதில் ஒன்று துரு தின்று வெடித்திருந்தது. அதை வெட்டி எடுத்து, கடையில் மாதிரி காட்டுவதற்காக கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மோட்டாரைத் திறந்தபடி சாக்கில் வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினேன்.

எந்தக் கடையிலும் இல்லை. ஒரு மொபைல் கடை அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆன்லைன்ல போட்டா நாலஞ்சு நாள்ல வரும்" என்றார். நாலைந்து நாளில் மாமா கோயம்புத்தூரில் ஏதோ ஒரு மாடி வீட்டின் ஜன்னலோரம் இருப்பார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவரிடம் எப்படிச் சொல்வதென்று வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே வந்தேன்.

நம்பினால் நம்புங்கள். நான் வாசலுக்கு வந்தபோது சாக்கு காலியாக இருந்தது. மோட்டார் மூடியிருந்தது, சக்கரம் சைக்கிளில் மாட்டியிருந்தது, ஒயர்கள் சேர்த்திருந்தன. மூடியைச் சுற்றிப் புதிதாகக் குங்கிலியம். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் பொட்டளவு இடம் அடைக்காமல் விட்டிருந்தது, தண்ணீர் வடிவதற்கு.

மாமா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "சோறு ஆறிப்போச்சு, எங்கல போன? இப்பந்தான வேலைய முடிச்ச."

"நான் எங்க மாமா முடிச்சேன், நான் திருச்செந்தூர்லருந்து வாரேன்."

"கிறுக்குப் பேச்சு பேசாத. இவ்வளவு நேரமும் இங்கனதான குனிஞ்சு உக்காந்திருந்த. ஜன்னல் வழியா முதுகப் பாத்துட்டுத்தான கெடந்தேன். வண்டி ஓடுமாலேன்னு கேட்டேன், திரும்பாம கையத் தூக்கிக் காட்டுன."

எதிர்வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். யாராவது மெக்கானிக் வந்தாரா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்: "வெயில் மண்டையில ஏறிட்டா? நீதான தம்பி இருந்த, வேற ஒரு ஈ காக்கா வரல."

யாரோ ஊர்க்காரன் உதவிக்கு வந்திருப்பான் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அதைத்தான் பிடித்துத் தொங்கினேன். ஆனால் அந்த அச்சு நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பானர் என் தோள் பையில் என்னோடு திருச்செந்தூர் போய் வந்திருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், வெட்டி எடுத்த சென்சார் என் சட்டைப் பையில் இருந்தது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் அந்த கன்ட்ரோலரில் மோட்டார் நின்ற இடத்திலிருந்து கிளம்பாது. இது அபிப்பிராயம் இல்லை, மின்னியல். பேட்டரியைச் சொருகி, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கைப்பிடியைத் திருகினேன். புதிதாகப் பூட்டிய அன்று சுற்றிய மாதிரி, நடுக்கமே இல்லாமல், விர்ரென்று சுற்றியது.

சாயந்தரம் ஜாஸ்மின் அக்கா வந்தாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, "சரி, ஏத்திக் காட்டுங்க பாப்போம்" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். கோயில் குன்றின் ஏற்றம் சின்னதுதான், ஆனால் மணலும் எதிர்காற்றும் சேர்ந்தால் நல்ல வண்டியே மூச்சு வாங்கும். மாமா செத்த காலைத் தூக்கிப் பெடல் கட்டையில் வைத்துக்கொண்டு திருகினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, திரும்பி மகளைப் பார்த்துச் சிரித்து, அங்கிருந்தே மறுபடி கிளப்பினார். மேலே போய் மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார்.

அக்கா மூச்சிரைக்க மேலே வந்து, "யாருப்பா சரி பண்ணா?" என்றாள்.

"பயலுவ ரெண்டு பேரும் சேந்துதான்" என்றார் மாமா, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பழைய பழக்கத்தில் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் தனியாகவே ஊருக்குப் போனாள்.

மாமா இப்போதும் மணப்பாட்டில்தான் இருக்கிறார், தினம் கடலோரம் போய் ஏலக்காரர்களோடு வம்பு வளர்க்கிறார். எனக்குத்தான் நிம்மதியில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், அந்த மூன்றாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று. இந்த ஒரு கேள்வியோடு எத்தனையோ நாள் தூங்கப் போயிருக்கிறேன். ஆனால் திறந்த பிறகு ஓடாமல் போனால் மாமாவின் கதி என்ன?

போன மாதம் பின்சக்கரம் பஞ்சர். நான்தான் போய்க் கழற்றினேன். மாமா பூசைக்குப் போயிருந்தார், எதிர்வீட்டுப் பையனின் டிவிஎஸ்ஸில். சக்கரம் என் மடியில், கையில் ஸ்க்ரூ டிரைவர், கேட்க ஆளில்லை. முதல் ஸ்க்ரூவின் மேலிருந்த குங்கிலியத்தை நகத்தால் சுரண்டலாம் என்று கட்டை விரலை வைத்தேன். ஒரே நாளில் கல்லாகிவிடுகிற சரக்கு அது, வருஷம் ஒன்றாகிறது. என் விரல் மெழுகில் புதைகிற மாதிரி உள்ளே இறங்கியது. எடுத்துப் பார்த்தால் என் ரேகை பதிந்திருந்தது, அதற்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, இன்னொரு கட்டை விரல் ரேகை. என்னுடையதைவிட அகலம். செத்த காலோடு கீழே குனிய முடியாத மாமாவுடையதாக இருக்க வழியில்லை.

ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்தேன். பஞ்சரை ஒட்டி, சக்கரத்தை மாட்டிவிட்டு, என் ரேகையை மட்டும் தேய்த்து அழித்தேன்.