முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

செடெனாக் ஊருக்குப் பிரியும் வெளிவழிக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை நெரிசலில், எனக்கு முன்னே ஒரு கோழி லாரி. ரெங்கம் பக்கத்துப் பண்ணையிலிருந்து வருவதாக இருக்கும். காற்று திரும்பியதும் வாடை காருக்குள் வந்துவிட்டது. நனைந்த இறகு, எச்சம், வெயில் ஏறிய தவிடு. கண்ணாடியை ஏற்றினேன். ஏர்கோனைக் கூட்டினேன். போகவில்லை. கம்பிக்கு வெளியே ஒரு தலை நீண்டு, எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியாமல் சாலையை வேடிக்கை பார்த்தபடி வந்தது. வெள்ளை இறகு ஒன்று பறந்துவந்து வைப்பரில் சிக்கியது. வைப்பரைப் போட்டேன். இறகு இங்கும் அங்கும் ஆடியது, விழவில்லை. அக்கா போன பிறகு, இந்த வாடைக்கும் எனக்கும் நடுவில் எந்தக் கண்ணாடியும் நிற்பதில்லை.

செம்பனைத் தோட்டம் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில், கடைசி வரிசையில், அக்காவின் வீடு. அத்தான் இறந்த பிறகு அவளும் மகனும் மட்டும். பின்பக்கம் கம்பி வலை அடித்த கோழிக்கூண்டு. மகன் சிங்கப்பூர் கிடங்கு ஒன்றில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்தைப் பார்த்து ஓடும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒருவன். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து, கால் நொறுங்கிக் கிடந்தான். நடப்பது சந்தேகம் என்றார்கள். அக்கா அன்றைக்கே தோட்டத்து ஓரத்தில் இருக்கும் முனியாண்டி முன்னால் போய் நின்றாள். பையன் எழுந்து நடந்தால் உனக்கு ஒரு சேவல். அவ்வளவுதான் பேச்சு. அவன் எழுந்தான். கொஞ்சம் சாய்ந்து, ஆனால் நடந்தான்.

நேர்ந்துவிட்ட சேவலை விற்கக் கூடாது, விருந்தாளிக்கு அறுக்கக் கூடாது, கோபத்தில் திட்டவும் கூடாது. நோஞ்சானைக் கொடுக்கவே கூடாது. பூசை நாளில் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். சிலுப்பும்வரை கத்தி கீழே இறங்காது. அக்கா நேர்ந்துவிட்ட செஞ்சேவலுக்கு இதெல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது நடை. வாசலில் நிற்கும் என் காரின் மேல் ஏறி நின்று கூவும். விரட்டினால் அக்கா சிரிப்பாள்.

"அவன் சாமி வீட்டு மாப்பிள்ளடா. உன் கார் என்ன, பிரதமர் காரு வந்தாலும் ஏறுவான்."

பூசைக்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் சுற்றுவட்டாரத்தில் கோழிகள் விழ ஆரம்பித்தன. முகம் வீங்கி, கொண்டை கருநீலமாகி, உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தன. பறவைக் காய்ச்சல் என்று செய்தியில் சொன்னார்கள். தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் பெரிய பண்ணையின் வாசலில் வெள்ளை உடுப்புக்காரர்கள் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடித்தார்கள். நான் மாசாயில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் போன் செய்தேன்.

"அக்கா, கோழிகிட்டப் போகாத. மனுஷனுக்கும் வருமாம்."

"கோழி எச்சத்த அள்ளுன கையாலதான் உனக்குச் சோறு ஊட்டுனேன். நீ என்ன செத்தா போயிட்ட?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். கூண்டு ஏறக்குறைய காலி. செத்த கோழிகளை வாழைக்குப் பக்கத்தில் புதைத்திருந்தாள். விழப்போன பெட்டைக்கோழி ஒன்றை, முழுதாக விழுவதற்கு முன் அறுத்துக் குழம்பு வைத்திருந்தாள். தட்டை எடுத்து வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்கா."

"காது செவக்குது பாரு."

நான் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பது சின்ன வயதில் அக்கா கண்டுபிடித்தது. அது எந்தக் காலத்திலும் தவறியதில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த அவள் மகன், "மாமாவுக்கு டிராபிக் லைட்டே தேவல்ல," என்று சிரித்தான். குழம்பை அவனும் தொடவில்லை என்பதைக் கவனித்தேன்.

குளியலறையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். தரையில் பழைய துண்டு விரித்து, அதன் மேல் செஞ்சேவல். கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. வெள்ளை உடுப்பு ஆட்கள் வந்தால் இருக்கிற கோழியை எல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டு, அதை மட்டும் வீட்டுக்குள் ஒளித்திருந்தாள்.

"குடுத்துடுக்கா. வேற சேவல் வாங்கிக்கலாம்."

"வேற சேவலா? நேந்தது இவனத்தான். இவன வேற யாராச்சும் கொன்னா, நான் சாமிகிட்டச் சொன்ன சொல்லு என்ன ஆகும்? என் பையன் காலு என்ன ஆகும்?"

"சீக்குச் சேவலச் சாமி வாங்கிக்காது. நீதான சொல்லுவ?"

"அதான் தேத்துறேன்."

சொல்லிக்கொண்டே அதை மடியில் தூக்கி வைத்தாள். மூக்குத் துவாரங்கள் அடைத்திருந்தன. துணியால் துடைத்துப் பார்த்தாள், வரவில்லை. பிறகு குனிந்து, அலகின் மேல் வாயை வைத்து, கைக்குழந்தைக்குச் சளி எடுப்பது போல உறிஞ்சி, குளியலறைச் சாக்கடையில் துப்பினாள்.

"அக்கா!"

"அலமாக்! மா, ஜீஜிக் லா!" என்று மகனும் பின்னாலிருந்து கத்தினான்.

"அருவருப்பா? உனக்கும் இப்படித்தான்டா எடுத்தேன். அப்ப நல்லாருந்துச்சா?"

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சிரித்தாள். சேவல் ஒரு நீண்ட மூச்சு விட்டது. அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன், சோப்பை எடுத்துக் கையில் திணித்தேன். ஒரு பெண் தன் பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதற்குச் சிறகும் கொண்டையும் இருக்கின்றன. இதில் நான் எதைப் பிடித்து இழுப்பது?

அந்த வாரத்திலேயே அக்காவுக்குக் காய்ச்சல். முதலில் உடம்பு வலி, அப்புறம் இருமல், அப்புறம் மூச்சு. கிளினிக்கில் "கோழி வளர்க்கிறீங்களா?" என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். மகன்தான் உண்மையைச் சொன்னான். அங்கிருந்தே ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய மருத்துவமனையின் தனி வார்டுக்குக் கொண்டுபோனார்கள். கோழியிடமிருந்து மனிதருக்கு வருவது அபூர்வம்தான் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். தமிழ்ப் பெண். "ஆனா வந்துட்டா நுரையீரலப் பிடிச்சுக்கும், அங்கிள். சாம்பிள் அனுப்பியிருக்கோம்." மகனை வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் நான்.

மறுநாள் வார்டிலிருந்து அக்கா போன் செய்தாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"சேவல எடுக்க வர்றாங்களாம். தம்பி, நீ போ. போய், அவன் தலையில மஞ்சத் தண்ணி தெளிக்கச் சொல்லு. சிலுப்பிட்டான்னா போதும். எவன் கொன்னா என்ன, சாமி வாங்கிக்கிட்ட கணக்குத்தான்."

போத்தலில் மஞ்சள் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மகன். வெள்ளை உடுப்பில், முகம் முழுக்க மூடிய ஒரு மலாய் இளைஞன் சேவலை இரண்டு கைகளிலும் ஏந்தி வெளியே வந்தான். நான் நாடாவைத் தூக்கினேன்.

"மாஃப் பாங், தக் போலே," என்றான், மரியாதையாக. மன்னிக்கணும் அண்ணா, முடியாது.

சொன்னேன். ஒரு தடவை தலையில் தண்ணீர், அவ்வளவுதான், என் அக்காவின் வேண்டுதல் என்று என் உடைந்த மலாயில் சொன்னேன். அவன் யோசித்தான். பிறகு சேவலை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையை நீட்டிப் போத்தலை வாங்கி, தானே மெதுவாக ஊற்றினான்.

தண்ணீர் கொண்டையில் விழுந்து, அலகு வழியாகச் சொட்டியது. காத்திருந்தோம். எதற்கென்று தெரியாமல் அவனும் காத்திருந்தான். ஜன்னலில் மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். சேவலின் இமை கீழிருந்து மேலே ஏறி மூடியது. அந்த இளைஞன் இன்னும் கொஞ்சம் ஊற்றினான், யாரும் கேட்காமலேயே. மஞ்சள், வெள்ளைக் கையுறையில் வழிந்தது. சேவல் அசையவில்லை. பிறகு, அதைப் போட்டுக் கொண்டுபோகும் பையின் வாய் திறந்தது.

பறவைக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்த நாளில், அதைக் கேட்க அக்கா இல்லை. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடக்கிறான். இன்றைக்கும் அவனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், இந்த லாரிக்குப் பின்னால்.

சேவலைக் கொண்டுபோன அன்று மாலையே மருத்துவமனைக்கு ஓடினேன். குழாய் வைத்துத் தூங்க வைக்கப் போகிறோம், அதற்கு முன் பேசிவிடுங்கள் என்றார் டாக்டர். எனக்கும் அங்கி மாட்டி, முகக்கவசம் போட்டு, தலையைச் சுற்றித் தொப்பியை இழுத்துக் கட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கட்டிலில் அக்கா, இருவர் கையிலும் போன்.

"என்னடா இது, பிளாஸ்டிக் பையில போட்ட காய்கறி மாதிரி."

"குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன்."

"பையன்?"

"காச்சல் இல்லக்கா. மாத்திர போடுறான்."

"நடக்கிறானா?"

"நடக்கிறான்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தண்ணி தெளிச்சாங்களா?"

"தெளிச்சாச்சு."

"சிலுப்புச்சா?"

"சிலுப்புச்சுக்கா. நல்லா சிலுப்புச்சு. புடிச்சிருந்த பையன் மேலயே தண்ணி தெறிச்சிடுச்சு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பக்கவாட்டில், தொப்பி இறங்கி மூடியிருந்த இடத்தைப் பார்த்தாள். தாதி வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"சரி, போ. காத மூடிக்கிட்டு வந்து நிக்கிற. நான் என்னத்தக் கண்டேன்."