சாட்சிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

வராந்தா அக்கா சட்டமன்றக் கட்டடத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது வாளியும் துடைப்பமுமாகத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் உயரத்திலிருந்து விழுந்து, படுத்த படுக்கையாகி, போய்ச் சேர்ந்துவிட்டார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட, தரை துடைக்கும் வேலை கிடைத்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

'வராந்தா அக்கா' என்ற பேர் பிற்பாடு வந்தது. நான் அங்கே கூட்டங்களில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதுவதை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்ட அக்கா அன்றே எனக்குக் 'கிறுக்கல்' என்று பேர் வைத்துவிட்டார். கட்டடத்தில் பாதிப்பேருக்கு என் சொந்தப் பேரே மறந்துபோனது.

அந்தக் காலத்தில் சமூகநலத்துக்கென்று சட்டமன்றத்தில் தனிக்குழு கிடையாது. விதவைகள் உதவித்தொகை, குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம், பார்வையற்றோர் பள்ளி எல்லாமே நிதிக்குழுவின் கூட்டத்தில் கடைசியாக வரும். சாலையையும் பாலத்தையும் பேசி முடிப்பதற்குள் உறுப்பினர்களுக்குப் பசியெடுத்துவிடும். "இதை அடுத்த தடவை வெச்சுக்கலாமே" என்பார் ஒருவர். யாரும் மறுக்க மாட்டார்கள். அடுத்த தடவையும் அதே கதைதான்.

அப்படி இருந்தபோதுதான் நகரத்தின் ஓரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் தீப்பிடித்தது. படுக்கையறைக் கதவுகள் வெளிப்பக்கம் பூட்டியிருந்தன. சில குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஊரே கொதித்தது. சட்டமன்றம் அவசர அவசரமாக ஒரு தற்காலிகக் குழுவை அமைத்தது. ஆறு மாதத்துக்குள் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும், கொடுத்ததும் கலைந்துவிட வேண்டும்.

குழுவுக்குக் கிடைத்த அறை லிஃப்ட் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. லிஃப்ட் ஏறும்போதெல்லாம் சுவர் உறுமும். பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு, அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தலைவராக வந்தவர் தேர்தலில் நிற்பதற்கு முன் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். எல்லாருக்கும் அவர் மருத்துவச்சியம்மா. யாருக்கும் வேண்டாத குழு என்பதால்தான் புதுசாக வந்த அவர் தலையில் கட்டினார்கள் என்று கான்டீனில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

முதல் நாளே அவர் கேட்ட கேள்வி, "சாட்சி சொல்ல வர்றவங்க எங்க உக்காருவாங்க?" என்பதுதான். யாரும் யோசித்திருக்கவில்லை. வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டார்கள். "அவங்களைப் பாத்துக்க ஆளு?" என்றார் அடுத்ததாக. கட்டட மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். வராந்தாவில் அந்த நேரத்தில் இருந்தது தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும்தான். அப்படித்தான் அந்தப் பதவியும் 'வராந்தா அக்கா' என்ற பேரும் அமைந்தன.

"நான் என்னம்மா பண்ணணும்?"

"வர்றவங்க பயந்து ஓடிடாம பாத்துக்கணும்."

"அவ்வளவுதானே. என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் இதுவரைக்கும் என்னை விட்டுட்டுப் போனதில்ல."

மருத்துவச்சியம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அக்காவே முதலில் சிரித்து அவரைக் காப்பாற்றினார்.

சாட்சிகளில் முக்கியமானவர் காப்பகத்தின் சமையல்காரப் பெண்மணி. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி இருந்தார். இரண்டு முறை எழுந்து நின்றுவிட்டார். அக்கா அவரைப் பேசச் சொல்லவில்லை. தன்பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பல் விழுந்தது, மேலாளரின் குறட்டை, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஓர் அமைச்சர் உள்ளேயிருந்து கத்தியது என்று வாய்க்கு வந்ததெல்லாம். பேர் சொல்லிக் கூப்பிட்டபோது சமையல்காரப் பெண்மணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆனால் உள்ளே போனதும் குரல் வரவில்லை. மேசையைச் சுற்றி உறுப்பினர்கள், ஓரத்தில் துறை அதிகாரிகள். அவருக்கு வேலை கொடுத்ததும், வேலையைப் பிடுங்கக்கூடியதும் அந்த அதிகாரிகள்தான். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்மா? சொல்லுங்க" என்றார் மருத்துவச்சியம்மா.

"வெளிய இருக்காங்களே, அந்தக்கா. அவங்க வந்து பக்கத்துல உக்காரட்டும்."

குழுவில் ஒரு வக்கீல் இருந்தார். எதிர்க்கட்சிக்காரர், விதிகளைக் கரைத்துக் குடித்தவர். "சாட்சி மேசையில் சாட்சியைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது, அதுதான் முறை" என்று ஆட்சேபித்தார்.

"பிரசவத்துக்குப் போற வீட்டுலகூட யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக்க இருப்பாங்க" என்றார் மருத்துவச்சியம்மா. "அவங்க ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நாற்காலி போடுங்க."

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சமையல்காரப் பெண்மணி அவர் பக்கம் திரும்பி, அவரிடமே சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"முன்னாடியெல்லாம் பூட்டு கிடையாதுங்க. ஒரு பையன் சுவரேறிக் குதிச்சு ஓடிட்டான். பாக்க வந்த அதிகாரி அதை எழுதிட்டுப் போனாரு. எங்களுக்கு வர்ற அரிசியைக் குறைச்சிட்டாங்க. இன்னொரு பிள்ளை ஓடினா இடத்தையே மூடிடுவோம்னாங்க. அதுக்கப்புறம்தான் பூட்டு வாங்கினது. சாவி வார்டன் வீட்டுல. தெருவுக்கு அந்தப் பக்கம். அவரும் கெட்டவர் இல்லீங்க. தீயைப் பாத்துட்டு ஓடிவந்தாரு, வெறுங்காலோட."

லிஃப்ட் ஏறியது. சுவர் உறுமியது. வார்டனைத் தண்டித்துவிட்டுக் கதையை முடிக்கலாம் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம். பூட்டு எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

அறிக்கையில் மருத்துவச்சியம்மா அதைப் பூசி மெழுகாமல் எழுதினார். தூங்கும் அறையை வெளியே பூட்டக் கூடாது. ஓடிப்போன குழந்தைக்காகக் காப்பகத்தின் உணவைக் குறைக்கக் கூடாது. மேற்பார்வைக்குப் போகிறவர் குழந்தைகளிடமும் பேச வேண்டும். அக்காவுக்கு ஒரு சந்தேகம். "இவ்வளவும் எழுதினீங்களே, செய்யலைன்னா அவங்களை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம கையில காசும் இல்ல, யாரையும் வேலையை விட்டு எடுக்கற அதிகாரமும் இல்ல. கூப்பிட்டுக் கேக்கலாம், நேர்ல போய்ப் பாக்கலாம், எழுதலாம். அமைச்சர் சபையில எழுந்து பதில் சொல்லணும். சொல்லலைன்னா திரும்பக் கேப்போம். பிள்ளையைப் பெக்கறது நாம இல்லம்மா. ஆனா பிறக்கறவரைக்கும் எழுந்து போகக் கூடாது."

பதில் வந்தது. முதலில் மழுப்பலாக, பிறகு கொஞ்சம் உருப்படியாக, கடைசியில் சட்டமாக. அதற்குள் ஆறு மாதம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. குழுவுக்குத் தவணை நீட்டி நீட்டிக் கொடுத்தார்கள். வராந்தா பெஞ்சில் புதுப்புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதியோர் இல்லத்தில் மாமனாரைச் சேர்த்திருந்த மருமகள், பார்வையில்லாத டெலிபோன் ஆபரேட்டர், மனநல மருத்துவமனையிலிருந்து போக வீடில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட ஓவியர். இதை நிரந்தரக் குழுவாக ஆக்க வேண்டும் என்று சபையில் எழுந்து பேசியவர், யாரும் எதிர்பாராத விதமாக, அந்த வக்கீல். சாட்சிக்குப் பக்கத்தில் துணைக்கு ஒரு நாற்காலி என்பதை விதியாக எழுதிச் சேர்த்தவரும் அவர்தான்.

"அன்னிக்கு நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்று அக்கா நேராகவே கேட்டார்.

"எழுதாத சலுகையைத்தான் வேண்டாம்னேன். தலைவரம்மா போனதும் அதுவும் போயிடும். விதியா இருந்தா நான் போனாலும் இருக்கும்."

இந்தப் பதிலில் அக்கா சொக்கிப்போனார். அதன்பின் வக்கீலுக்கு மட்டும் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாக விழும். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினார்.

வருடங்கள் ஓடின. மருத்துவச்சியம்மா காலமானார். வக்கீல் அரசியலை விட்டு ஒதுங்கினார். குழுவுக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. அக்காவின் பெண் வளர்ந்து, பிஸ்கெட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்து, கல்யாணமும் ஆனது. அவளுக்குப் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். பேறுகால விடுப்பு பிறந்த நாளிலிருந்து கணக்கு. பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தபோது விடுப்பு தீர்ந்திருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டாள். அக்கா எங்களிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தான் வேலை செய்யும் இடத்தில் தன் வீட்டுக் குறையைச் சொல்வது முறையில்லை என்று நினைத்திருப்பார்.

பிறகு குழுவுக்குத் தலைவராக வந்தவர் முன்னாள் பஸ் கண்டக்டர். அவர் பேறுகால விடுப்பை ஆராய எடுத்துக்கொண்டு, அனுபவப்பட்டவர்கள் வந்து சொல்லலாம் என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். சாட்சிகள் வரும் நாளில் அக்கா வழக்கம்போலத் தண்ணீர்க் குவளையோடு பெஞ்சுக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தது அவர் பெண்.

"நீ எங்கடி இங்க?"

"சாட்சி சொல்ல வந்திருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா விட்டிருப்பியா?"

இத்தனை வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவருக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே போனதும், "துணைக்கு யாராவது வேணுமா?" என்று கண்டக்டர் கேட்டார். "எங்கம்மா உக்காரட்டும்" என்றாள் பெண். அவர் கதவருகே நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்து, கையால் நாற்காலியைக் காட்டினார்.

பெண் நிதானமாகத்தான் பேசினாள். "பெட்டியில கை விட ஒரு ஓட்டை இருக்கும். அது வழியாத்தான் தொடலாம். என் விரலைப் பிடிச்சுக்குவான். சில நாள் அதுவும் வேண்டாம்னுடுவாங்க, வெளிய நின்னு பாத்துட்டு வருவேன். லீவு பூரா அப்படித்தான் போச்சு. அவனை மடியில போட்டுக்க முடிஞ்சப்ப, வேலைக்கு வான்னு கூப்பிட்டாங்க. தொழிற்சாலையை நான் குறை சொல்லலை. அவங்க சட்டத்துல இருந்தபடி செஞ்சாங்க. சட்டம் நிறைமாசப் பிள்ளையை மட்டும் நினைச்சு எழுதியிருக்கு."

அக்காவால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். பெண் பேச்சை நிறுத்திவிட்டு, குவளையில் தண்ணீர் ஊற்றி அம்மாவிடம் கொடுத்து, முதுகைத் தடவினாள். "இங்க யாரு சாட்சி, யாரு துணைன்னு நான் எப்படிக் குறிச்சுக்கறது?" என்றார் கண்டக்டர் மெதுவாக. அழுகைக்கு நடுவிலும் அக்கா சிரித்துவிட்டார். எனக்குத்தான் எழுத்து கலங்கித் தெரிந்தது.

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளிலிருந்து விடுப்பைக் கணக்கிட வேண்டும் என்று குழு எழுதியது. அரசு யோசிப்பதாகச் சொன்னது. கண்டக்டர் திரும்பக் கேட்டார். செலவு அதிகம் என்றது. எவ்வளவு என்று கேட்டார். அவருக்கு அடுத்து வந்தவரும் கேட்டார். சட்டம் வந்தபோது அக்காவின் பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். அக்காவும் ஓய்வு பெற்றிருந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். பிஸ்கெட் தொழிற்சாலையில் வேலை. அக்காவின் பெண் விட்டுவந்த அதே பிரிவு. குழந்தையைக் காட்டிவிட்டுப் போகவென்றே விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பொறந்தப்ப என் உள்ளங்கை அளவுதாங்க இருந்தா. வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்துதான் லீவு. இன்னும் மிச்சம் இருக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க."

"என் பொண்ணுக்குச் சொல்லு. நான் அங்க உக்காந்து அழுதேன், அவ்வளவுதான்" என்றார் அக்கா. "எனக்கும் நன்றி சொல்ல ஆளுங்க நிறைய இருக்காங்க. அந்த மருத்துவச்சியம்மா, அந்த வக்கீலு, அன்னிக்கு என்னைக் கூப்பிட்ட சமையக்காரம்மா. இல்லாட்டி நான் தரையைத் தொடச்சிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். சரி, பிள்ளையை இப்படிக் குடு. நீ போய் மொதல்ல சாப்பிடு."

குழந்தை கை மாறியதும் ஒரு முறை நெளிந்துவிட்டுத் தூங்கிப்போனது. அக்காவின் பெண் சமையலறையில் தட்டு வைத்துக் கூப்பிட்டாள். அந்த இளம்பெண் உட்கார்ந்து, அவசரமில்லாமல், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.